சந்தை ஆடும்போது கையில் காசு எவ்வளவு?

3 ஏப்ரல் 2025 – கேள்வி, புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

வயது 46. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கையில் 180,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. இன்று விடிகாலை அமெரிக்கா நம் பொருள்களுக்கு 24 சதவீத வரி என்று அறிவித்திருக்கிறது. மொத்தத்தையும் நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு, சந்தை தரையைத் தொட்டதும் பங்கு வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானே அண்ணே?

3 ஏப்ரல், இரவு

பாதி சரி. வைப்பில் போடுவதில் தப்பில்லை. "தரையைத் தொட்டதும்" என்கிறாயே, அந்த வார்த்தைதான் எனக்கு ஆகாது.

2008-இல் நானும் அதையே சொல்லிக்கொண்டு கையில் காசோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஜனவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1500-க்கு மேல். அக்டோபர் கடைசியில் 829. நான் 600 வரட்டும் என்று இருந்தேன். ஏன் 600 என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை. 98-இல் 262 வரை போனதைப் பார்த்தவன், அதனால் 829 எனக்குப் பெரிய பள்ளமாகத் தெரியவில்லை. 2009 டிசம்பரில், 1270-க்கு வந்த பிறகு, பொறுமை போய் வாங்கினேன். அந்த 600 இன்னும் வரவில்லை.

முதலில் இதைச் சொல்: மாதச் செலவு எவ்வளவு? வீட்டுக் கடன்? பிள்ளைகள் எந்தப் படிவத்தில் படிக்கிறார்கள்?

4 ஏப்ரல்

மாதம் 4500 வெள்ளி, வீட்டுக் கடன் உட்பட. மகள் நான்காம் படிவம். மனைவிக்குப் பாலர் பள்ளியில் அரை நேர வேலை. இதுதான் தம்பி அனுப்பிய விவரம்.

என் கணக்கு: ஓராண்டுச் செலவு 54,000. மூன்று ஆண்டில் மகளின் மேற்படிப்புக்கு ஒரு 40,000. மீதி 86,000. சந்தையைப் பற்றிப் பேசுவதென்றால் இந்த 86,000-ஐப் பற்றித்தான் பேச வேண்டும். மற்றதற்கும் அமெரிக்க வரிக்கும் சம்பந்தம் இல்லை. சந்தை நன்றாக இருந்தாலும் அது வங்கியில்தான் இருக்க வேண்டும்.

இப்படி வங்கியில் இருக்க வேண்டியதை நான் அரிசிக் காசு என்பேன். சந்தை இறங்கட்டும் என்று காத்திருக்கும் காசு தூண்டில் காசு. இரண்டும் ஒரே வங்கியில் ஒரே வட்டிக்குக் கிடக்கலாம். ஆனால் ஒரே ரசீதில் கிடக்கக் கூடாது.

4 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழித்து

அரிசிக் காசு பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தங்கை கல்யாணம்.

1993-இல் ஊரே பங்கு வாங்கியது. டாக்சிக்காரர், ரொட்டி சானாய் போடுகிறவர், எங்கள் சூப்பர்வைசர், எல்லாருமே. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தரகர் அலுவலகத்தின் திரைக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. எனக்கு 25 வயது, போனஸ் முழுக்க அதில்தான் போட்டேன். கையில் பணம் கட்டாமலே வாங்கி, பணம் கட்ட வேண்டிய நாளுக்குள் விற்றுவிடும் கான்ட்ரா விளையாட்டும் உண்டு. அதில் ஜெயித்த கதை மட்டும்தான் காப்பிக் கடையில் கேட்கும்.

97 தொடக்கத்தில் என் பங்குகள் ஏறக்குறைய 20,000 வெள்ளி. நடு ஆண்டில் ஆசிய நிதி நெருக்கடி வந்தது, ஓவர்டைம் நின்றது. சரி, பிடித்து வைத்திருப்போம், என்றைக்காவது ஏறும் என்று இருந்தேன். அந்த நினைப்பு சரியானதுதான் என்பது இன்றுவரை என் வயிற்றெரிச்சல். ஆனால் 98 ஆவணியில் தங்கைக்கு முகூர்த்தம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லை. ஆடி முடிவதற்குள் எல்லாவற்றையும் விற்றேன். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது.

செப்டம்பர் 1-ஆம் தேதி குறியீடு 262. மறுநாள் வெள்ளியை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். 2000 பிப்ரவரியில் குறியீடு 1000-ஐத் தாண்டியது. நான் பயந்து விற்கவில்லை. சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க விற்றேன். ஓராண்டுச் செலவும் கல்யாணச் செலவும் தனியாக இருந்திருந்தால், நான் ஒன்றுமே செய்யாமல் இருந்து பிழைத்திருப்பேன்.

தங்கையிடம் இதைச் சொன்னால், "என் கல்யாணச் சாப்பாடு ஒன்றுதான் நீ லாபமாகச் செய்த முதலீடு" என்பாள்.

5 ஏப்ரல்

பலர் கேட்டதால்: 54,000-ஐ ஒரே வைப்பில் போடாதே. துண்டு துண்டாகப் போடு. ஆறு ரசீது, ஒன்றுக்கு 9000. அவசரமென்றால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், அதற்கும் பாதி வட்டி கிடைத்துவிடும்.

6 ஏப்ரல், திருத்தம்

பாதி வட்டியாம்! நான் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்த, பிறை ஊர் அக்கா ஒருவர் தலையில் குட்டிவிட்டார். 2019 ஜனவரியிலிருந்து நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்னால் உடைத்தால் வட்டியே கிடையாது. பதினோரு மாதம் ஓடியிருந்தாலும் இல்லை.

அப்படியென்றால் துண்டு போடுவது இன்னும் அவசியம். ஒரு 9000 சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், இரண்டு மாதச் செலவு. மீதி ஐந்து ரசீது: 2, 4, 6, 8, 10 மாதம். இரண்டு மாதத்துக்கு ஒன்று முதிர்ந்துகொண்டே வரும். தேவையில்லை என்றால் திரும்பப் பத்து மாதத்துக்குப் போடு.

வங்கி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வங்கியில் ஓர் ஆளுக்கு 250,000 வெள்ளி வரை பிடாம் என்ற அரசு வைப்புக் காப்புறுதி இருக்கிறது. தம்பியின் தொகை அதற்குள்தான்.

7 ஏப்ரல்

குறியீடு இன்று ஒரே நாளில் ஏறக்குறைய நாலு சதவீதம் இறங்கியது. தம்பி இரண்டு முறை எழுதிவிட்டான்: "அண்ணே, இதுதான் தரையா?"

எனக்கென்ன தெரியும்? பசியாறப் போனேன், அங்கேயும் அதே கேள்வி. என் தூண்டில் காசு 40,000 வெள்ளி. ஒரு தாளில் "1400 வந்தால் பாதி போடு" என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில்.

10 ஏப்ரல்

நேற்று 1400-ஐ ஒட்டி வந்து முடிந்தது. நான் வாங்கவில்லை.

"இன்னும் இறங்கும்போல இருக்கே" என்று காலையில் தோன்றியது. மதியம் தோன்றியது. மாலையில் சந்தை மூடிவிட்டது. இரவு அமெரிக்கா பெரும்பாலான வரிகளை 90 நாள் தள்ளிப்போட்டது, இன்று குறியீடு பிய்த்துக்கொண்டு ஏறிவிட்டது. என் மனைவி குளிர்பெட்டியைத் திறந்தாள், தாளைப் படித்தாள், ஒன்றும் பேசாமல் பாலை எடுத்துக்கொண்டு போனாள்.

2008-ஐப் பற்றி ஒரு வாரத்துக்கு முன் இதே இழையில் எழுதியவன் நான்தான் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்.

12 ஏப்ரல்

ஈப்போ அண்ணன் ஒருவர் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் உதாரணத்தைக் கொண்டுவந்தார். 2024 முடிவில் அவர் நிறுவனத்திடம் 330 பில்லியன் டாலருக்கு மேல் ரொக்கமும் அமெரிக்கக் குறுகிய கால அரசுப் பத்திரமும் இருந்தது உண்மைதான். "அவரே காத்திருக்கும்போது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?"

அவர் காப்புறுதி நிறுவனங்கள் நடத்துகிறார். ஒரு புயல் அடித்தால் கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுக்க வேண்டும். என் கண்ணுக்கு அதில் ஒரு பங்கு அவருடைய அரிசிக் காசு. நாம் முழுவதையும் தூண்டில் என்று படித்துக்கொள்கிறோம். இன்னொன்று, நெருக்கடி நேரத்தில் பெரிய நிறுவனங்கள் அவரைத் தேடி வந்து கேட்கும். என்னைத் தேடி யார் வருவார்கள்? டிரெஷர் ஹண்ட் நன்கொடை ரசீதோடு குடியிருப்புச் சங்கம் வரும்.

13 ஏப்ரல்

அதே அண்ணன் விடவில்லை. "ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) போடு, 2024-க்கு 6.30 சதவீதம் கொடுத்தார்கள், வைப்பு எதற்கு?"

இதில் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. இபிஎஃப் சட்டப்படி குறைந்தது 2.5 சதவீதம் தர வேண்டும். 2008-இல்கூட 4.50 கொடுத்தது. 2021-இல் வைப்பு வட்டி இரண்டுக்குக் கீழே போய், பணவீக்கம் 2.5 ஆக இருந்தபோது, சேமநிதி 6.10 கொடுத்தது. ரொக்கம் பத்திரம் என்று நினைத்தவர்கள் அந்த ஆண்டு சத்தமில்லாமல் தேய்ந்தார்கள். சொந்தமாக ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை போடவும் 2023 முதல் அனுமதி உண்டு.

என் வயது 57. என் சேமநிதியிலிருந்து நினைத்தபோது எடுக்கலாம். ஆகவே நானும் வைப்பை எல்லாம் உடைத்து அங்கே தள்ளலாம் என்று இருக்கிறேன். வட்டியும் கூட, காசும் கைக்கெட்டும் தூரம்.

15 ஏப்ரல், மறுபடியும் திருத்தம்

தள்ளவில்லை. நல்லவேளை. புத்தாண்டன்று கோயிலில் பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவரைப் பார்த்தேன், அவர் காப்பாற்றினார். 55-க்குப் பிறகு போடும் புதுக் காசு "எமாஸ்" கணக்கில் போய் விழும். 60 வரை எடுக்க முடியாது. ஏற்கெனவே 55 வயதுக் கணக்கில் இருப்பதைத்தான் நினைத்தபோது எடுக்கலாம். என் அரிசிக் காசை நானே மூன்று ஆண்டு பூட்டி வைத்திருப்பேன்.

தம்பிக்கு 46. அவன் போட்டால் 75 சதவீதம் ஓய்வுக் கணக்கு, 15 செஜாத்தெரா (வீடு, படிப்பு போன்றவற்றுக்கு), 10 ஃபிளெக்சிபல் (எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்). 2024 மே மாதத்திலிருந்து இப்படித்தான் பிரிக்கிறார்கள். கைக்கு உடனே வருவது அந்தப் பத்து மட்டும்தான். எனவே 54,000-உம் மகளின் 40,000-உம் அங்கே போகக் கூடாது. 86,000-இல் ஒரு பகுதி போகலாம், அது அவன் முதுமைக்கு.

சேமநிதியைப் பங்கோடு சேர்ப்பதா, வைப்போடு சேர்ப்பதா என்று ஒரு சண்டை ஓடியது. அவர்கள் முதலீட்டில் சுமார் நாற்பது சதவீதம் பங்குதான். ஆனால் விலை ஆட்டத்தை அவர்கள் வாங்கிக்கொண்டு நமக்கு ஆண்டுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். நான் அதைத் தனி வரியில் எழுதுகிறேன். எங்கே சேர்த்தாலும் ஏதோ ஒரு கணக்கு உதைக்கிறது.

20 ஏப்ரல்

சுங்கை பட்டாணி அக்கா ஒருவர்: "எங்கள் அம்மாவுக்கு வைப்பும் இல்லை, பங்கும் இல்லை. கூட்டுதான், அதாவது சீட்டு."

எங்கள் வீட்டிலும் அதேதான். அம்மா அடுக்குமாடியில் இருபது பெண்களைச் சேர்த்து மாதம் 50 வெள்ளிக் கூட்டு பிடித்தார். தலைவிக்கு முதல் மாதம். பள்ளி திறக்கும் மாதம் யாருக்கு, தீபாவளி மாதம் யாருக்கு என்பதில் ஐக்கிய நாட்டுச் சபை போல விவாதம் நடக்கும். மலாய்க்காரர்களும் சீனர்களும் கலந்துகொண்டார்கள். மலாயில் அது "குத்து" ஆகிவிட்டது, அதே சொல்லுக்குப் பேன் என்றும் பொருள் உண்டு. "குத்து இருக்கா?" என்று பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் மாமி) சத்தமாகக் கேட்டபோது அம்மாவுக்கு வந்த கோபத்தை மறக்க முடியாது.

நம் தமிழ்ச் சொல்லுக்கு இந்த நாட்டில் கிடைத்த பெருமை, அதைத் தடை செய்து ஒரு சட்டமே இருக்கிறது, 1971-இல் வந்தது. ஆகவே அம்மா செய்தது குற்றம். ஆனால் அரிசிக் காசு என்ன என்பதை அந்த இருபது பேரும் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். யாருக்கு எந்த மாதம் காசு வேண்டும் என்பதிலிருந்துதான் கணக்கையே தொடங்கினார்கள். தலைவி ஓடிப்போனால் என்ன என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் இல்லை. அடுத்த மாடியில் ஒருத்தி ஓடினாள்.

21 ஏப்ரல்

எங்கள் அப்பா கதையையும் கேட்டார்கள். எண்பதுகளில் சமூகத்தின் பேரால் தோட்டம் தோட்டமாகப் பணம் திரட்டிய ஒரு நிறுவனத்தில் போட்டார். பெயர் வேண்டாம். சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். தன்னுடைய ஒரே சேமிப்பை ஒரே பங்கில் போட்டார், அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் இழை அரசியலாகிவிடும்.

2 மே

தம்பி ஐந்து ரசீதும் போட்டுவிட்டான். மகளின் 40,000-ஐ அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் நிதியில் போட முடியுமா என்று கேட்டான். யூனிட் எப்போதும் ஒரு வெள்ளிதான், ஏறாது இறங்காது, ஆண்டுக்கு ஒருமுறை பங்காதாயம். நல்ல இடம். யூனிட் கிடைக்க வேண்டுமே! செயலியைத் திறந்தால் பெரும்பாலும் "இல்லை". 500 கேட்டால் இல்லை என்கிறது, 30 கேட்டால் கொடுக்கிறது. என் மனைவி இரண்டு மாதமாக இரவு சமையல் முடித்து முயன்று 3000 சேர்த்திருக்கிறாள். அவளுக்கு இது லாட்டரி போல.

9 ஜூலை

நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடிப்படை வட்டியை 3-இலிருந்து 2.75 ஆக்கிவிட்டது. தம்பியின் முதல் ரசீது ஜூன் மாதமே புதுப்பிக்கப்பட்டது, பழைய விகிதத்தில். அடுத்தது குறைவாகத்தான் வரும். ரசீதைத் துண்டாக்குவதில் இது ஒரு சின்ன நன்மை: எல்லாமும் ஒரே நாளில் குறைந்த வட்டிக்கு மாட்டாது. எல்லாமும் உயர்ந்த வட்டியிலும் மாட்டாது, அது வேறு.

86,000-ஐ என்ன செய்தான் என்று கேட்பவர்களுக்கு: 30,000 சேமநிதி. மீதி 56,000-ஐ மாதம் 4000 வீதம் பங்கு நிதியில் போடுகிறான். பதினாலு மாதம். ஒரே நாளில் போட்டால் பெரும்பாலும் லாபம் அதிகம் என்று படித்தவர்கள் சொல்வார்கள், சந்தை இறங்கும் காலத்தைவிட ஏறும் காலம் அதிகம் என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் வேலை போன மூன்றாம் மாதத்தில் 56,000 வெள்ளி 45,000 ஆவதைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறவன் யார்? அவன் இல்லை.

24 அக்டோபர்

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த எல்லாரும் தங்கம் பற்றித்தான் பேசினார்கள். இந்த மாதம் அவுன்ஸ் 4000 டாலரைத் தாண்டியது. "காசை வங்கியில் வைத்தது மடத்தனம், லிட்டில் இந்தியாவில் போய்ச் சங்கிலி வாங்கியிருக்க வேண்டும்" என்றார் ஒரு சித்தப்பா. மறுநாளே ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியது. சித்தப்பா வாட்சாப்பில் அமைதி.

எங்கள் பாட்டி தங்கம் தவிர எதையும் நம்பமாட்டார். காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு ஒரு தகரப்பெட்டி நிறைய அவரிடம் இருந்தது. 45-இல் அது வெறும் தாளானது. நாங்கள் சிறுவயதில் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறோம். அவருக்கு ரொக்கம்தான் சூதாட்டம்.

ஆனால் சங்கிலியில் கூலி போகும், விற்றால் கழிவு போகும். கழுத்தில் கிடக்கும் வரை அது அரிசிக் காசும் இல்லை, தூண்டிலும் இல்லை. அடகுக் கடைக்குப் போனால்தான் காசு. எங்கள் அம்மா போயிருக்கிறார், திரும்ப மீட்டும் இருக்கிறார்.

2 நவம்பர்

குறியீடு 1600-ஐத் தாண்டி நிற்கிறது. ஏப்ரல் 9-ஆம் தேதியைப் பற்றிக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

அந்த 40,000 என்ன ஆனது? ஆகஸ்ட்டில் கூரை ஒழுகியது, 11,000. மனைவியின் மருத்துவக் காப்புறுதிச் சந்தா ஏறியது, அந்த வித்தியாசமும் அதிலிருந்துதான். மீதி 28,000 அப்படியே கிடக்கிறது. தூண்டில் என்று பெயர் வைத்த காசைத்தான் வீட்டுக்கு எடுத்தேன். ஆக என் அரிசிக் காசுக் கணக்கே குறைவு, கூரையையும் சந்தாவையும் நான் எழுதவே இல்லை. தம்பிக்குப் போட்ட 4500 கணக்கிலும் சாலை வரியும் காடி (கார்) காப்புறுதியும் இல்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். ஏப்ரல் 4 பதிவில் 54,000 என்று இருப்பதை எல்லாரும் 60,000 என்று படித்துக்கொள்ளுங்கள்.

தாளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். 28,000-ஐயும் தம்பி மாதிரியே மாதா மாதம் போடப்போகிறேன்.

3 நவம்பர்

தம்பி எழுதியிருக்கிறான். கூலிமில் வேலை கிடைத்துவிட்டதாம், செப்டம்பரிலிருந்து. சம்பளம் பழையதைவிட 800 குறைவு, ஓராண்டு ஒப்பந்தம். "இனிமேல் ரசீதுகளைக் குறைத்துக்கொள்ளலாமா அண்ணே?"

ஒப்பந்தம் என்றால் வேண்டாம். நிரந்தரம் ஆனபிறகு பேசுவோம். உன் நான்காவது ரசீது டிசம்பரில்தானே முதிர்கிறது? அதில் 9000-க்குப் பதில் பதினைந்தாயிரமாக்கிப் போடு, குறைகிற 6000-ஐ இந்த மாதத்து 4000-இலிருந்தும் அடுத்த மாதத்து 4000-இலிருந்தும் எடு. மிச்சம் வரும் 2000 உன் காடிக்கு. டயர் வழுக்கையாகிவிட்டது என்று போன வாரம் நீயே எழுதியிருந்தாய்.